பெரிய தொட்டி கட்டினால் காலனிக்குத் தண்ணீர் ஏறுமா?

கேள்வி: நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். எங்கள் ஊரில் 240 வீடுகள். 12 மீட்டர் உயரத்தில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் திறந்துவிடுகிறோம். காலனியின் 120 வீடுகளுக்கு 600 மீட்டர் தூரம் தனியாக 63 மி.மீ. பிவிசி குழாய் போகிறது. இடையில் இணைப்பு ஏதும் இல்லை. காலனி 2 மீட்டர் மேடு. அங்கே குழாயடியில் பள்ளம் தோண்டி, குடத்தை இறக்கித்தான் பிடிக்கிறார்கள். 60,000 லிட்டரில் புதுத் தொட்டி கட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்தப் பணத்தைக் குழாயில் போடுங்கள்.

தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பதற்கும் குழாயில் தண்ணீர் வரும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. வேகம் தருவது உயரம். உங்களுக்கு இருப்பது 12 மீட்டர். மேட்டுக்கு 2 மீட்டர் போனால் கையில் 10 மீட்டர். அதிலிருந்துதான் குழாயின் உராய்வு தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் 55 லிட்டர் என்று வைத்தால், காலனிக்கு ஒரு நாளைக்கு 26,400 லிட்டர் வேண்டும். 2 மணி நேரத்தில் அது போய்ச் சேர, நொடிக்கு 3.7 லிட்டர் ஓட வேண்டும். 63 மி.மீ. என்பது வெளிவிட்டம், உள்ளே 58 மி.மீ. அளவுதான் இருக்கும். அதில் 600 மீட்டருக்கு இந்த அளவு நீரைத் தள்ள 22 மீட்டர் உயரம் தேவை. உங்களிடம் இருப்பதோ பத்து. அந்தப் பத்தையும் முழுசாகச் செலவழித்தால்கூட 2 மணி நேரத்தில் சுமார் 17,000 லிட்டர்தான் போகும், அதுவும் தரைமட்டத்தில் ஒழுகும். பள்ளம் தோண்டுவதற்குக் காரணம் இதுதான். பெரிய தொட்டி வந்தாலும் இந்தக் கணக்கு ஒரு லிட்டர்கூட மாறாது.

செலவில்லாமல் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலனிக்குத் தனிக் குழாய் இருப்பதால் அந்த வால்வை மட்டும் நாளைக்கு 4 மணி நேரம் திறந்து வையுங்கள். நொடிக்குத் தேவைப்படும் ஓட்டம் பாதியாகும், உராய்வு 6 மீட்டராக இறங்கும், 4 மீட்டர் மிஞ்சும். குடத்தைத் தரையில் வைத்தே பிடிக்கலாம்.

நிரந்தரத் தீர்வு 90 மி.மீ. குழாய். அதே 4 மணி நேரத்தில் இழப்பு வெறும் 1 மீட்டர்தான். காலனி வாசலில் 9 மீட்டர் நிற்கும். ஓரடுக்கு வீட்டுக்கு 7 மீட்டர் மிஞ்ச வேண்டும் என்றது மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர் வடிவமைப்புக் கையேடு. காலனித் தெருக்களுக்குள் ஏற்படும் இழப்பு போகவும் அதை ஒட்டி வந்துவிடும். குழி வெட்டும் கூலி 63க்கும் 90க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குழாயின் விலைதான் கூடும். எஸ்டிமேட்டில் சிக்கனம் என்று விட்டத்தைக் குறைப்பவர்களிடம் இதை வலியுறுத்திச் சொல்லுங்கள்.

தொட்டியைப் பொறுத்தவரை, ஊர் முழுமைக்கும் தேவை சுமார் 53,000 லிட்டர். மோட்டார் இரண்டு முறை நிரப்பினால் 30,000 தாராளம்.

எஸ்டிமேட் போடும் முன் ஒன்றைச் சோதியுங்கள். காலனியின் கடைசி வீட்டுக் குழாயில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை இறுக்கிக் கட்டி, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் ஒரு மூங்கிலோடு சேர்த்து நிமிர்த்துங்கள். டியூபில் நீர் ஏறி நிற்கும் உயரம்தான் அங்கே மிஞ்சும் அழுத்தம். வால்வை 4 மணி நேரம் திறக்கத் தொடங்கிய பிறகும் அது நான் சொன்ன 4 மீட்டரைவிட மிகக் குறைவாக இருந்தால், குழாயில் கசிவோ பாதி மூடிய வால்வோ இருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதைத் தேடுங்கள்.

அப்புறம், வீடுகளில் குழாயோடு நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவதை விடவே கூடாது. அது பக்கத்து வீட்டுத் தண்ணீரைப் பறிப்பதோடு நிற்காது. குழாய்க்குள் அழுத்தம் இறங்கியதும், விரிசல் இருக்கும் இடத்தில் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். தொட்டியில் குளோரின் போட்டால் போதாது. கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

பல ஊர்களில் குழாயின் கடைசி முனை காலனியாகவே இருக்கிறது. அது தற்செயல் இல்லை. கணக்கை அந்தக் கடைசி வீட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் தொட்டிக்கு வரும்படி போடச் சொல்லுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த விட்டக் கணக்கை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.