ஒற்றை நாற்று நெல் மாதிரி கோதுமையையும் ஓரடி இடைவெளியில் விதைத்தால் மகசூல் கூடுமா?

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வேலந்தாவளம் பக்கம் 20 சென்ட்டில் கோதுமை போட்டுப் பார்க்கப் போகிறேன், ஓரடி விட்டு விதைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நம் ஊரில் நெருக்கித்தான் விதைக்க வேண்டும். நானும் கொழிஞ்சாம்பாறைக்காரன்தான். பஞ்சாபில் லூதியானா பக்கம் மூன்று வருடம் விதைக்கருவி விற்கும் வேலையில் இருந்ததால் கோதுமை வயலில் நிறைய நேரம் நின்றிருக்கிறேன்.

குத்துக்கு ஒரே நாற்றாக இடம் விட்டு நட்டால், பயிர் தூர் கட்டி, அதாவது அடியிலிருந்து பக்கத்தண்டுகள் விட்டு, அந்த இடத்தை நிரப்பிவிடும் என்பதுதான் ஒற்றை நாற்றின் கணக்கு. நெல் நம் சூட்டிலும் தூர் கட்டும். கோதுமைக்கு அதற்குக் குளிர் வேண்டும். பஞ்சாபில் நவம்பரில் விதைத்தால் ஜனவரி வரை நல்ல குளிர். அப்படி இருந்தும் அங்கே வரிசைக்கு வரிசை 20 முதல் 22.5 சென்டிமீட்டர்தான், ஏக்கருக்கு 40 கிலோ விதை. விதைப்பு டிசம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனால் 15 சென்டிமீட்டருக்கு நெருக்கிவிடுவார்கள். பின்னால் வெயில் ஏறிவிடும், தூர் கட்ட நாள் கிடைக்காது, தாய்ச்செடியின் கதிரை நம்பித்தான் மகசூல். நமக்கு டிசம்பர் பகலிலேயே 30 டிகிரி. அதனால் நாம் எந்தத் தேதியில் விதைத்தாலும் அவர்கள் கணக்கில் அது பிந்திய விதைப்புதான். ஓரடி விட்டால் இடைவெளியைக் கோதுமை நிரப்பாது, களைதான் நிரப்பும்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது குறுக்கு விதைப்பு. பாதி விதையை ஒரு திசையில் போட்டு, மீதியை அதற்குக் குறுக்காகப் போடுவார்கள். வரிசைக்குள் செடிகள் ஒன்றையொன்று நெருக்காது, தரையும் சீக்கிரம் மூடிவிடும். 20 சென்ட்டில் கையாலேயே செய்துவிடலாம். 10 கிலோ விதை போதும், 5 சென்டிமீட்டர் ஆழம். ஆழம் சீராக இல்லாவிட்டால் முளைப்பு முன்பின்னாகிவிடும், அப்புறம் எந்த இடைவெளியும் காப்பாற்றாது.

சரி, வரிசை எந்தத் திசையில்? மேற்கு ஆஸ்திரேலியாவில் கிழக்கு மேற்காக விதைத்தால் பயிரின் நிழல் களைமேல் விழுந்து களை குறைகிறது. அங்கே குளிர்காலச் சூரியன் தாழ்வு. நமக்கு டிசம்பரிலும் அவ்வளவு தாழ்வதில்லை, அந்தப் பலன் பெரிதாகக் கிடைக்காது. தண்ணீர் ஓடும் வாட்டத்தைப் பார்த்து வரிசை பிடியுங்கள்.

ஆசைக்கு நாலு வரிசை ஓரடி விட்டும் போட்டுப் பாருங்கள். எடை போடும்போது மட்டும் இரண்டு பக்கமும் ஓரத்து வரிசைகளை ஒதுக்கிவிடுங்கள். வெயிலும் உரமும் அதிகம் கிடைத்து ஓரத்துச் செடி எப்போதும் கனமாகவே இருக்கும்.