நாற்பது பக்கமா, நாற்பது ஷீட்டா?

நுகர்வோர் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகளின் திருமண ஆல்பத்தை எங்கள் ஊர் கலர் லேபில் அச்சிடக் கொடுத்தோம். 12-க்கு 36 அங்குல அளவில் 40 பக்கம், ஷீட்டுக்கு 200 ரூபாய் என்று வாய்மொழியாகப் பேசி, 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். இரண்டு பக்கம் சேர்ந்ததுதான் ஒரு ஷீட் என்பதால் 4,000 ரூபாய்க்குள் முடியும் என்று எண்ணியிருந்தோம். வாட்ஸ்அப்பில் 40 வடிவமைப்புகள் வந்தன. பார்த்துவிட்டு ‘சரி’ என்று பதில் அனுப்பினோம். இப்போது 40 ஷீட்டுக்கு 8,000, டிசைனிங்குக்கு 2,000, அட்டைக்கும் பெட்டிக்கும் 1,800 என மொத்தம் 11,800 ரூபாய் கேட்கிறார்கள். முழுத் தொகையையும் கட்டினால்தான் ஆல்பத்தைத் தருவார்களாம்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: 36 அங்குல ஷீட் நடுவில் மடிந்து, ஆல்பத்தைத் திறக்கும்போது இடமும் வலமுமாக 18 அங்குலம் வீதம் இரண்டு பக்கங்களாக விரிகிறது. நீங்கள் போட்ட கணக்கு அந்த வகையில் சரியானதே. ஆனால் லேபில் பலர் அந்த முழு விரிப்பையே ‘ஒரு பக்கம்’ என்று சொல்லிப் பழகியவர்கள். பேசிய அன்று இந்தக் குழப்பத்தில் இரு தரப்புக்கும் பங்கு இருந்தது என்றாலும், அச்சுக்கு முன் வந்த 40 வடிவமைப்புகளும் நீளவாக்கில் முழு ஷீட்டாகவே இருந்திருந்தால், உங்கள் ‘சரி’ என்ற ஒற்றைச் சொல் அந்த 40 ஷீட்டுக்கும் நீங்கள் கொடுத்த ஒப்புதலாகவே கொள்ளப்படும். உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம். ஆனாலும் 8,000 ரூபாயை எதிர்த்து வாதாடுவது கடினம் என்றே நினைக்கிறேன்.

மீதி 3,800 ரூபாயின் கதை வேறு. நீங்கள் கேட்டது தனித்தனித் தாள்களை அல்ல, ஆல்பத்தை. அட்டை இல்லாத ஆல்பம் ஏது? டிசைனிங், அட்டை, பெட்டி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்று வேலையைத் தொடங்கும் முன் சொல்லாமல், ஷீட் விலையை மட்டும் சொல்லி முன்பணம் வாங்கியவர், முடிந்தபின் அவற்றைப் பில்லில் ஏற்றுவதற்கு நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி விலைப்பட்டியல் தொங்கி, அதில் இவை தனியே குறிக்கப்பட்டிருந்தால் மட்டும் உங்கள் வாதம் வலுவிழக்கும். இத்தகைய வேலைக்குப் பொட்டலப் பொருள்களைப் போல அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை கிடையாது என்பதால், பேசிய விலையையும் அதற்கான சான்றையும் கொண்டுதான் வழக்கு நிற்கும்.

முதலில், ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியே காட்டும் பில்லைக் கேளுங்கள். பில் தர மறுப்பதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பிறகு, முன்பணம் போக ஷீட்டுக்கான பாக்கி 5,000 ரூபாயைத் தரத் தயார் என்பதையும், மீதியை ஏன் மறுக்கிறீர்கள் என்பதையும் அதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். ஆல்பம் உடனே தேவைப்பட்டால், முழுத் தொகையையும் கட்டிவிட்டு, ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று அன்றைய தேதியிலேயே எழுதி அனுப்பலாம். பின்னாளில் அந்த 3,800 ரூபாயைத் திரும்பக் கேட்க அந்த வரி உதவும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தால் சில கடைகள் அதோடு இறங்கி வந்துவிடும். வராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆயினும் 3,800 ரூபாய்க்காக எத்தனை முறை அலைவது என்று யோசித்து, டிசைனிங் கட்டணத்தில் பாதிக்கு ஒத்துக்கொண்டு முடித்தாலும் அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

கேள்வி: என் பெற்றோரின் ஒரே திருமணப் புகைப்படம் பூஞ்சை பிடித்திருந்தது. சீர்செய்து பெரிதாக்க 400 ரூபாய் பேசினார்கள். ‘சேதம் அதிகம்’ என்று இப்போது 1,500 கேட்டு, மூலப்படத்தையும் தர மறுக்கிறார்கள்.
- வாசகர், காரைக்குடி

பதில்: செய்த வேலைக்கு உரிய கூலி வரும்வரை, அந்த வேலைக்காகக் கொடுக்கப்பட்ட பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உரிமையை, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆம் பிரிவு கைவேலை செய்தவருக்குத் தருகிறது. ஆனால் உரிய கூலி என்பது, படத்தை நேரில் பார்த்தபின் அவரே ஒத்துக்கொண்ட 400 ரூபாய்தான். உங்களைக் கேட்காமல் பின்னர் உயர்த்திக்கொண்ட தொகை அல்ல. எனவே அந்த 400 ரூபாயைத் தருவதாக எழுத்தில் தெரிவித்து, மூலப்படத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதன் பிறகும் வைத்துக்கொள்ள அவருக்கு நியாயம் இல்லை. (இனி இப்படிப்பட்ட படத்தைக் கொடுக்க நேர்ந்தால், கண் முன்னே ஸ்கேன் செய்யச் சொல்லிவிட்டு மூலத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், சீரமைப்பு வேலை கணினியில்தான் நடக்கிறது, தாள் அவர்களுக்குத் தேவையே இல்லை.)

கேள்வி: நான் தனியாளாகத் தொழில் செய்யும் புகைப்படக் கலைஞன். மாதக் கணக்கு வைத்திருக்கும் லேப், அறிவிக்காமலே ஷீட் விலையை உயர்த்திப் பில் போட்டுவிட்டது. நானும் நுகர்வோர்தானா?
- வாசகர், ஈரோடு

பதில்: வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ பெறுபவரை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை என்றாலும், சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பொருளை வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு அளிக்கிறது. நீங்கள் ஒருவரே படமெடுத்து அச்சுக்குக் கொடுப்பவராக இருந்தால், அச்சிட்ட ஷீட்டைப் பொருளாகக் காட்டி ஆணையத்தை அணுகிப் பார்க்கலாம். பலரைச் சம்பளத்துக்கு வைத்து ஸ்டுடியோ நடத்துபவராக இருந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. எப்படியானாலும், பழைய விலையில் வந்த சென்ற மாதப் பில்லைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.