கில்பெக் தேவாலயம்: கேள்விகளும் பதில்களும்

நார்மன் காலத்துப் பங்குத் தேவாலயங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை கில்பெக்கைப் பற்றியே இருந்ததால் இந்த முறை அங்கேயே நிற்கிறேன். இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஹெரிஃபோர்ட்ஷயரில் உள்ள சின்னக் கிராமக் கோயில் அது. புனித மரியாள், புனித டேவிட் இருவர் பெயரிலும் இருக்கிறது. 1140-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது.

கே: அக்கா, வளைவு அரைவட்டமாக இருந்தாலே நார்மன் கோயில் என்று சொல்லிவிடலாமா?

முடியாது. அதற்கு முந்தைய சாக்சன் கோயில்களிலும் அரைவட்ட வளைவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் நார்மன் பாணியைப் பார்த்துக் கட்டியவற்றிலும் உண்டு. சேர்த்துப் பார்க்க வேண்டியவை வேறு: தடித்த சுவர், வெளியே குறுகி உள்ளே விரியும் சிறு ஜன்னல்கள், வளைவுகளின் மேல் ஓடும் கோணல்மாணலான வெட்டு வரிசை, கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் தாங்குகற்கள்.

தரைத்திட்டத்தையும் பாருங்கள். கில்பெக்கில் மக்கள் நிற்கும் கூடம், அதற்குக் கிழக்கே குருக்கள் பகுதி, அதற்கும் கிழக்கே பீடம் இருக்கும் அரைவட்ட முனை என்று மூன்று அறைகள், ஒன்றைவிட ஒன்று சிறியதாக. இங்கிலாந்தில் பல கோயில்களின் அரைவட்ட முனையைப் பிற்காலத்தில் இடித்துச் சதுரமாக்கிவிட்டார்கள். கில்பெக்கில் அது தப்பித்திருக்கிறது. என்னைக் கேட்டால், சிற்பங்களைப் போலவே இதுவும் பெரிய அதிர்ஷ்டம்தான்.

கே: நார்மன் என்றால் ரோமானியர்கள்தானே?

இல்லை. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள், பிரான்சின் நார்மண்டிக்காரர்கள்.

கே: தெற்கு வாசலைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அதில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

நல்ல கேள்வி. அந்த வாசலில் வெறுமையான இடம் என்பதே கிட்டத்தட்ட இல்லை. கண் எங்கே நிற்பது என்று தடுமாறத்தான் செய்யும்.

நடுவில் தொடங்குங்கள். கதவுக்கு மேலே உள்ள அரைவட்டக் கல்லில் கிளை பரப்பிய ஒரு செடி. பெரும்பாலோர் அதை வாழ்வின் மரம் என்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள வளைவில் விலங்குகளும் அலகு நீண்ட தலைகளும். அதற்கும் வெளியே உள்ள வளைவில் வட்டங்களுக்குள் பறவைகளும் நாகங்களும், ஒரு வட்டத்தை அடுத்த வட்டத்தோடு கட்டிப்போடும் முகமூடித் தலைகளுமாக ஒரு சங்கிலி. அப்புறம் கண்ணை இரு பக்கத் தூண்களுக்கு இறக்குங்கள். வெளித்தூண்களில் பாம்பு போன்ற நீண்ட உடல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இடப்பக்க உள்தூணில் கொடிகளுக்கிடையே ஒடுங்கிய உடலோடு வீரர்கள் நிற்கிறார்கள். வரிவரியான சட்டையும் கால்சட்டையும் போட்டிருக்கிறார்கள். வலப்பக்கத் தூணின் தலைப்பில் வாயிலிருந்து கொடி கக்கும் ஒரு முகம்.

இத்தனை இருந்தும் வாசல் குழம்பவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு தாளம் வைத்திருக்கிறார்கள்: நடுவில் அகலமான செடி, அதைச் சுற்றி நெருக்கமான தலைகள், வெளியே நிதானமாக உருளும் வட்டங்கள். தூணில் உள்ள கொடி மேலே ஏறிக்கொண்டே இருப்பதால் கண்ணும் மேலே போய் வளைவில் சேர்கிறது. இதைச் செதுக்கியவருக்குக் கல்லும் தெரிந்திருக்கிறது, பார்ப்பவரின் கண்ணும் தெரிந்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு மிருகத்துக்கும் ‘இதற்கு இதுதான் பொருள்’ என்று சொல்லும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பட்டியலைப் படிப்பீர்கள், வாசலைப் பார்க்க மாட்டீர்கள். இன்னொன்று, தொடாதீர்கள். அது மணற்கல்.

கே: இவ்வளவு செலவு செய்து ஒரு கிராமத்தில் ஏன் கட்டினார்கள்? யார் செதுக்கியது?

இன்றைக்குத்தான் அது அமைதியான கிராமம். கோயிலுக்கு மேற்கே உள்ள மேட்டில் கோட்டையின் இடிபாடு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். எல்லைப் பகுதியை ஆண்ட நார்மன் பிரபுவின் கோட்டை அது. வில்லியம் ஃபிட்ஸ் நார்மனின் குடும்பத்துக்குச் சொந்தமான இடம். இன்றைய கட்டடம் எழுவதற்குச் சற்று முன், 1134-இல், அவர் மகன் ஹியூ கில்பெக் கோயிலை குளோஸ்டர் மடத்துக்குக் கொடுத்தார். கோட்டையும் கோயிலும் அருகருகே நின்று, இந்த நிலம் யாருடையது என்பதை ஊருக்குச் சொல்லின.

செதுக்கியவர்களின் பெயர் கிடைக்கவில்லை. ‘ஹெரிஃபோர்ட்ஷயர் பட்டறை’ என்று கலை வரலாற்றாளர்கள் அழைக்கிறார்கள். அதே ஹெரிஃபோர்ட்ஷயரில், ஷாப்டன் என்ற ஊரில் இதே பட்டறையைக் கொண்டு கோயில் கட்டிய ஆலிவர் டி மெர்லிமோன் என்பவர், ஸ்பெயினில் உள்ள சாந்தியாகோவுக்குப் புனிதப் பயணம் போனவர். வழியில் பார்த்த கோயில்களின் தாக்கம் அவர் வழியாகவோ அவர் கூட்டி வந்த சிற்பி வழியாகவோ இங்கே வந்தது என்பது ஒரு கருத்து. கில்பெக்கில் கூடத்துக்கும் குருக்கள் பகுதிக்கும் நடுவே உள்ள வளைவில் புனிதர்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக, பக்கத்துக்கு மூவராக நிற்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அதை நான் ஓரளவு ஏற்கிறேன். ஆனால் வாசலில் பின்னிக் கிடக்கும் நாகங்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவை அல்ல. அவற்றின் வேர் வடக்கே, ஸ்காண்டிநேவிய வேலைப்பாட்டில் இருக்கிறது; அந்தப் பாணி 11-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் பழக்கத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே வாசலுக்குள் பொருத்தியதுதான் இந்தப் பட்டறையின் சாமர்த்தியம்.

கே: சிலுவைப் போர்க்காலத்துத் துறவி வீரர்களான டெம்ப்ளர்களின் ரகசியக் குறி எந்தக் கல்லில் இருக்கிறது?

எந்தக் கல்லிலும் இல்லை.

கே: ஷீலா நா கிக் சிற்பம் கெல்டிக் தாய்த் தெய்வம்தானே? பாதிரிமாருக்குத் தெரியாமல் ஊர்ச் சிற்பிகள் வைத்துவிட்டார்கள் என்று படித்தேன்.

தெரியாதவர்களுக்கு: இரு கைகளாலும் தன் பிறப்புறுப்பை விரித்துக் காட்டும் பெண் உருவம் அது. கூரை விளிம்புக்குக் கீழே உள்ள தாங்குகற்களில் 85 இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இது.

‘தெரியாமல்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கல் இருப்பது பீடத்தைச் சுற்றிய அரைவட்ட முனையின் வெளிச்சுவரில், எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் இடத்தில். பணம் கொடுத்தவர் பிரபு. கோயில் போய்ச் சேர்ந்தது ஒரு பெரிய மடத்திடம். இதே மாதிரி வெட்கமில்லாத உருவங்கள், ஆண்களும் சேர்த்து, மேற்கு பிரான்சிலும் வட ஸ்பெயினிலும் அதே காலத்துக் கோயில்களின் தாங்குகற்களில் இருக்கின்றன. அங்கெல்லாம் கெல்டிக் தெய்வத்தை யார் ஒளித்துவைத்தார்கள்? காமத்தைக் கண்டிக்கும் உருவம் என்று சிலர், தீய கண்ணை விரட்டும் காவல் உருவம் என்று சிலர். எனக்கு முதலாவது பொருத்தமாகப் படுகிறது.

கே (அதே நண்பர்): அப்படியானால் வாசலில் கொடி கக்கும் பச்சை மனிதன்? அது பழைய காட்டுத் தெய்வம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்களே.

எல்லோரும் இல்லை. இலை முகங்களையும் கிராமத்து வசந்த விழாவின் பச்சை மனிதனையும் ஒன்றாக்கியவர் ராக்லன் சீமாட்டி. அவர் கட்டுரை வந்தது 1939-இல். 12-ஆம் நூற்றாண்டில் யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. இலை முகம் ரோமானியர் காலச் சிற்பத்திலேயே உண்டு; மடங்களில் எழுதிய ஏடுகளின் முதலெழுத்துகளிலும் கொடி கக்கும் தலைகள் நிறைய. சிற்பிகளுக்கு மாதிரி அங்கிருந்தே கிடைத்திருக்கும்.

கே (இன்னொருவர்): நீங்கள் நாட்டார் நம்பிக்கையையே மறுக்கிறீர்கள். ஊர் மக்கள் தங்கள் விருப்பப்படி அந்தச் சிலையைப் பார்த்திருக்க மாட்டார்களா?

பார்த்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிற்காலத்தில் சில ஷீலா உருவங்களைப் பிள்ளைப்பேறுக்காகத் தொட்டு வணங்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு சிலையை மக்கள் பிறகு எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது ஒரு கேள்வி, அதை ஏன் செதுக்கினார்கள் என்பது வேறு கேள்வி. முதலாவதன் விடையை இரண்டாவதற்குச் சொல்லக்கூடாது. 1842-இல் கில்பெக்கைப் படமாக வரைந்து வெளியிட்ட ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ், இதே ஷீலாவை நெஞ்சைத் திறந்து காட்டும் முட்டாள் என்று விளக்கினார். கண்ணெதிரே இருப்பதையே ஒரு காலம் இப்படி மாற்றிப் படிக்கும் என்றால், நம் காலத்து விளக்கத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும். காமக் கண்டனம் என்ற என் விருப்பத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கே: ஷீலா நா கிக் என்பது தாய்த் தெய்வமா?

மேலே பாருங்கள்.

கே: ஷீலா சிலை...

மேலே பாருங்கள். மற்ற 84 தாங்குகற்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே! நாயும் முயலும் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் கல் ஒன்று இருக்கிறது. சிலுவை தாங்கிய ஆட்டுக்குட்டி இருக்கிறது. பைனாகுலர் எடுத்துக்கொண்டு போய் வரிசையாகச் சுற்றி வாருங்கள்.

கே: படம் தெளிவாக வர, சுண்ணக்கட்டி தேய்க்கலாமா? தாள் வைத்து உருவம் எடுக்கலாமா?

இரண்டும் கூடாது. காலை, மாலைச் சாய்ந்த வெயிலில் எடுங்கள்; அது போதும். மணற்கல்லின் மேல்தோல் ஒருமுறை உதிர ஆரம்பித்தால் நிற்காது.

கே: உள்ளே பார்க்க ஒன்றுமில்லை என்கிறார்களே?

தவறு. புனிதர்கள் நிற்கும் வளைவைச் சொன்னேன். அதைத் தாண்டி அரைவட்ட முனையின் கல் கூரையைப் பாருங்கள்: வெட்டு வரிசை ஓடும் கல் விலாக்கள் ஓரிடத்தில் கூடுகின்றன, அந்த முடிச்சில் தலைகள். தொப்பை வயிற்றைக் கைகளால் கட்டிக்கொண்டிருக்கும் தீர்த்தத் தொட்டியையும் விட்டுவிடாதீர்கள்.

கே: கில்பெக் மட்டும் எப்படி இவ்வளவு கூர்மையாகத் தப்பியது? அடுத்து எங்கே போகலாம்?

நல்ல கல், அப்புறம் யாரும் இடம் மாற்றவில்லை. ஷாப்டனைப் பார்த்தால் புரியும். 1750-களில் பழைய கோயிலை இடித்தபோது அதன் செதுக்கு வளைவுகளை எடுத்து, தோட்ட அலங்காரமாக மேட்டில் மழையிலும் காற்றிலும் நிறுத்தினார்கள். இன்று உருவங்கள் கரைந்துபோய், நாகம் எது கொடி எது என்று தேட வேண்டியிருக்கிறது. கில்பெக்கைப் பார்த்த கண்ணோடு அங்கே போனால் இழப்பு எவ்வளவு என்று தெரியும்.

அடுத்து ஏர்ட்ஸ்லி ஊருக்குப் போங்கள். அங்குள்ள ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி இரண்டு வீரர்கள் சண்டையிடுகிறார்கள், ஒரு பெரிய சிங்கம் நிற்கிறது, பாதாளத்திலிருந்து ஒரு மனிதனைக் கிறிஸ்து கைபிடித்து இழுக்கிறார். வீரர்களின் வரிவரியான உடையை உற்றுப் பாருங்கள். கில்பெக் வாசலில் இருப்பதே அது. அதே பட்டறையின் கை. காசில் ஃப்ரோமிலும் இதே பட்டறையின் தொட்டி ஒன்று உண்டு. நேரம் இருந்தால் ஷாப்டன், ஏர்ட்ஸ்லி, காசில் ஃப்ரோம் மூன்றையும் ஒரே பயணத்தில் பாருங்கள்; கில்பெக்கை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.