ஜுஃபைரில் ரூம் பார்த்திருக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். பஹ்ரைனில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? ரூம் ஜுஃபைரில், அமெரிக்கக் கடற்படை முகாம் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் பாதுகாப்புதானே? ஊர்வலம், போராட்டம் என்று நடந்தால் நம் ஆட்களுக்கு ஆபத்து வருமா? சம்பளக் கணக்கை நீங்கள் வந்து இறங்கிய ராத்திரியே ரூம் ஆட்கள் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அதை விடுங்கள். மற்ற இரண்டையும் படித்ததும் எனக்கு 2011 ஞாபகம் வந்துவிட்டது.

நான் வந்தது 2010 டிசம்பரில். சனாபிஸ் கிராமத்து ஓரத்தில் ஒரு பழைய வீடு, ஒரு ரூமில் எட்டுப் பேர். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. சிபிஆர் என்னும் பஹ்ரைன் அடையாள அட்டை கைக்கு வரவில்லை, அரபியில் ஒரு வார்த்தை தெரியாது. அந்த மாதம்தான் துனிசியாவில் சீதி பூசீத் என்ற ஊரில் ஒரு தள்ளுவண்டிக்காரப் பையன் தீக்குளித்தான். ஜனவரி 14 அன்று அந்நாட்டு அதிபர் பென் அலி ஓடினார். பிப்ரவரி 11 அன்று எகிப்தில் முபாரக் இறங்கினார். ரூமில் டிவி பார்த்துக்கொண்டே நாங்கள் சோறு தின்றோம். 14ஆம் தேதி அந்த மக்கள் போராட்டம் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது.

அப்போது லுலு ரவுண்டானா என்று ஒன்று இருந்தது, லுலு என்றால் அரபியில் முத்து. ஆறு பாய்மரங்கள் சேர்ந்து ஒரு முத்தைத் தூக்கிப் பிடித்த மாதிரி உயரமான சின்னம். ஆறும் ஆறு வளைகுடா நாடுகள். அதன் அடியில் ஜனங்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். என்ன கேட்டார்கள்? 2001இல் இதே பிப்ரவரி 14 அன்று மன்னர் வாக்கெடுப்பு நடத்திச் சீர்திருத்தம் தருவதாகச் சொன்னார், அதைக் கொடுங்கள் என்றார்கள். 1971 முதல் ஒரே ஆள் பிரதமர், அவரை மாற்றுங்கள், நாங்கள் தேர்ந்தெடுக்கும் அரசு வேண்டும் என்றார்கள். குடிமக்களில் பெரும்பாலோர் ஷியா, ஆள்வது சுன்னி அரச குடும்பம். போலீஸில் ஷியாக்களைச் சேர்ப்பது அபூர்வம். பாகிஸ்தான், ஜோர்டான், சிரியா, ஏமன் என்று வெளியிலிருந்து ஆள் எடுத்துக் குடியுரிமையும் கொடுத்தார்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கோபத்தில் இருப்பவனுக்குப் பாகிஸ்தானி முகமும் நம் முகமும் ஒன்றுதான். அந்த மார்ச்சில் தெற்காசியத் தொழிலாளிகள் அடி வாங்கினார்கள், உயிரும் போனது. அதனால் கூட்டம் தெரிந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள், வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். போனை எடுத்து வீடியோ பிடிக்கவே பிடிக்காதீர்கள். ரூம் வாட்ஸப் குழுவில் வருவதை ஊருக்குத் தட்டிவிடாதீர்கள். போலீஸ் போனைப் பிடுங்கிப் பார்த்தால், யார் அனுப்பியது என்று நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வேலை, விசா, கடன் வாங்கிக் கட்டிய ஏஜெண்ட் பணம் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். எங்கள் பக்கத்து ரூம் பையன் ஒருவன் அப்படித்தான் போனான்.

சரி, அமெரிக்க முகாம். அது அவர்களுடைய ஐந்தாவது கப்பற்படையின் தலைமையிடம். உங்களைக் காப்பாற்ற வைத்தது இல்லை, வளைகுடாக் கடலையும் எண்ணெய்க் கப்பல்களையும் பார்த்துக்கொள்ள வைத்தது. இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை, அந்த மார்ச் வாரத்தைப் பார்த்ததால் சொல்கிறேன். 12ஆம் தேதி அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் தலைநகர் மனாமா வந்தார், சின்னச் சின்ன அடியெல்லாம் போதாது, சீர்திருத்தம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். 14ஆம் தேதி பஹ்ரைன் அரசுக்குத் துணையாகச் சவூதிப் படை கடல் பாலம் தாண்டி வந்தது. 15 அன்று அவசர நிலை. 17 அன்று லிபிய மக்களைக் காப்பாற்ற ஐ.நா.வில் தீர்மானம் போட்டார்கள். 18 அன்று இங்கே முத்துச் சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள், அதில் கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் நசுங்கிச் செத்தார். 19 அன்று அமெரிக்காவும் கூட்டாளிகளும் லிபியாவில் குண்டு போட ஆரம்பித்தார்கள். லிபியாவை ஆண்ட கடாஃபியை எதிர்த்தவனுக்கு விமானம், இங்கே எதிர்த்தவனுக்கு அறிவுரை. பிரிட்டன்காரன் 2014இல் ஒப்பந்தம் போட்டு, 2018இல் இங்கேயே தன் கடற்படைத் தளத்தையும் திறந்துவிட்டான்.

இங்கே இருக்கும் நம் ஆட்கள் மேல் எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. "வீடு கொடுக்கிறான், படிப்பு இலவசம், ஆஸ்பத்திரி இலவசம், இவனுகளுக்கு என்ன கேடு?" என்று டீக்கடையில் பேசுவார்கள். ஒரு பஹ்ரைனி வீட்டு வாசலையும் மிதிக்காதவர்கள்தான் இப்படிப் பேசுவது. லண்டனிலும் டொரொண்டோவிலும் உட்கார்ந்து புரட்சி, புரட்சி என்று எழுதியவர்கள் இன்னொரு ரகம். அடுத்த தெருவில் தூங்கியவன் நான்.

பிப்ரவரி 17, விடிவதற்கு முன்னால் ரவுண்டானாவைக் காலி செய்தார்கள். புகை கதவிடுக்கு வழியாக ரூமுக்குள் வந்தது. ஈரத் துண்டைக் கதவடியில் சொருகிவிட்டு எட்டுப் பேரும் குப்புறப் படுத்தோம். மிளகாய் வறுத்த கமறல் மாதிரி இருக்கும், ஆனால் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வாரத்தில் ஒருநாள் ரொட்டி வாங்கப் போனேன். தந்தூரில் குபூஸ் போடும் பஹ்ரைனிப் பெரியவர், ஹாஜி என்போம். மாவு ஒட்டிய கையால் அடுப்புத் திண்ணையிலிருந்து ஒரு காலி கண்ணீர்ப்புகைக் குப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார். அவருக்கு ஆங்கிலம் வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கையால் கேட்டார். "அம்ரிகா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

நான் அரபி கற்றுக்கொண்டது அந்தக் கடை வாசலில்தான். இன்றைக்கு சனாபிஸ் கிழவிகள் பேசும் அரபியே எனக்குப் புரியும், என் மேனேஜருக்குப் புரியாது. ஏப்ரலில் ஹாஜியின் மகனை ராத்திரி வந்து கூட்டிப்போனார்கள். கடை நாலு நாள் மூடிக் கிடந்தது. திறந்த பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

500 ஃபில்ஸ் நாணயத்தில் அந்த முத்துச் சின்னம்தான் இருந்தது. பிறகு அதையும் புழக்கத்திலிருந்து எடுத்தார்கள். எனக்கு அந்த விஷயம் தெரியாது. ஒரு காலையில் ரொட்டிக்கு அதை நீட்டினேன். ஹாஜி வாங்கி, மாவைத் துடைத்துப் பார்த்தார். அப்புறம் என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து, என் விரல்களை மூடிவிட்டு, ஐந்து ரொட்டியைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.