சீட்டை மடித்தவர் பேசலாமா?

கேள்வி: கொழும்பில் நான் கலந்துகொண்ட போக்கர் சுற்றுப்போட்டியில், சீட்டை மடித்துவிட்ட (அதாவது, அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிட்ட) ஒருவர், தாம் எறிந்தது எதுவென்று உரக்கச் சொன்னதோடு, யோசிப்பவரையும் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். இது முறையா? – வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: முறையன்று. நம்மூரில் 304 சீட்டாட்டம் விளையாடும்போது பின்னால் நின்று யோசனை சொல்பவரைச் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்கிறோம். போட்டி மேசையில் அது செல்லாது. 2001இல் தொடங்கிய போக்கர் போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் விதிகளின்படி, அந்த ஆட்டம் முடியும்வரை மடித்த சீட்டையும் வெளியிடக்கூடாது. ஏனெனில், எறியப்பட்டது ஏஸ் என்று தெரிந்துவிட்டால், அது எதிராளியிடம் இருக்கும் வாய்ப்புக் குறைந்து, எஞ்சியோரின் கணக்கே மாறிவிடுகிறது. தாமதத்துக்கும் வழியுண்டு: நியாயமான நேரம் கடந்தபின் கடிகாரம் கேட்கலாம், அதாவது நேரக்கெடு விதிக்கக் கோரலாம்; அப்போது யோசிப்பவருக்கு அதிகபட்சம் 25 வினாடிகளும், பின்னர் 5 வினாடி எண்ணிக்கையும் கிடைக்கும். நச்சரிப்பதற்கு உரிமையில்லை.

நச்சரிப்பவரோடு நீங்கள் வாதிடாமல், சீட்டுப் பகிர்பவரிடம் சொல்லிப் போட்டி நடத்துநரை அழைப்பியுங்கள். எச்சரிக்கை முதல், சில ஆட்டங்களோ சுற்றுகளோ வெளியே இருத்துவது, போட்டியிலிருந்தே நீக்குவது வரை நடத்துநரால் தண்டிக்க முடியும். வெளியே நிற்கும் வேளையிலும் கட்டாயப் பந்தயம் தண்டிக்கப்பட்டவருடைய சில்லுகளிலிருந்து கழிந்துகொண்டிருக்கும் என்பதால், வாயாடிகளுக்கு அதுவே நன்றாக உறைக்கும்.