இரண்டு மருந்தும் ஒரு செல் துண்டும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு இரத்தத்தில் கல்சியம் கூடியிருக்கிறது. கழுத்தில் பராதைரொயிட் (தைரொயிட்டை ஒட்டியிருக்கும், கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சுரப்பி) கட்டி இருக்கலாம் என்று ஸ்கான் எழுதியிருக்கிறார்கள். இரண்டு கதிரியக்க மருந்துகள் ஏற்றுவார்களாம். இரண்டையும் ஏற்றினால் படம் தெளியுமா, குழம்புமா? 2009 போரில் தோளில் பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்று அம்மாவுக்கு இன்னும் உள்ளே இருக்கிறது. அதைச் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.

வாசகி, விசுவமடு

அன்புள்ள தங்கச்சி,

குழம்பாது. செஸ்டமிபி என்ற மருந்து தைரொயிட்டிலும் சேரும், வீங்கிய பராதைரொயிட்டிலும் சேரும். மற்ற மருந்தான அயடீன் இந்த இரண்டில் தைரொயிட்டில் மட்டுமே சேரும். ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது கட்டி. செஸ்டமிபியோடு போகும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் விடும் காமாக் கதிரின் சக்தி 140 கிலோ இலத்திரன் வோல்ட், அயடீன்-123இன் கதிருக்கு 159. இடைவெளி சிறிதுதான். அயடீனின் கதிர்கள் சில உடலுக்குள் சிதறி, சக்தி இழந்து, டெக்னீசியத்தின் கணக்கில் விழும். அதைக் கணினி திருத்தும். ஆனால் இரண்டையும் ஒரே வேளையில் எடுத்தால், அம்மா இருமினாலும் எச்சில் விழுங்கினாலும் இரண்டு படமும் சேர்ந்தே அசையும். கழிக்கும்போது விளிம்பு பிசகாது. அயடீன்-123 இல்லாத இடங்களில் இரண்டு மருந்துக்கும் டெக்னீசியத்தையே பயன்படுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பார்கள். அப்போது அம்மா கழுத்தை அசைக்காமல் கிடக்க வேண்டும். கதிர்வீச்சு பற்றிய பயத்தை விடுங்கள், டெக்னீசியம் ஆறு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. தேவையில்லை என்று யார் தீர்மானித்தது? காயத்தைக் காட்டினால் எங்கே பட்டது, எப்போது பட்டது என்று கேள்வி வரும் என ஒளித்துப் பழகிய சனங்கள் நாங்கள். அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் ஸ்கான் கட்டிலிலும் அதைக் கட்டிக்கொண்டு படுப்பதா?

என் அக்காவின் இடுப்பில் நகக்கண் அளவில் ஒரு துண்டு. இதே மாதிரிக் கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் எலும்பு ஸ்கானுக்குப் போனவர் வாயே திறக்கவில்லை. படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நடந்தது வேறு. காமாக் கதிர் உடலைக் கடக்கையில் தேயும். அந்தத் தேய்வை ஈடுசெய்ய, கூடவே எடுக்கும் சி.ரி. படத்தைப் பார்த்துக் கணினி கதிர் எண்ணிக்கையைக் கூட்டும். உலோகத்தைக் கண்டால் அளவுக்கு மீறிக் கூட்டிவிடும். திருத்தாத படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஒரு வைத்தியர், “இங்கே ஏதாவது பட்டதா அம்மா?” என்று கேட்டார். அக்கா அப்போதுதான் தழும்பைக் காட்டினார்.

தோள்தானே, கழுத்தில்லையே என்பீர்கள். பராதைரொயிட் சிலருக்கு நெஞ்சுக்குள்ளும் இருக்கும், படமும் அதுவரை எடுப்பார்கள். உலோகம் சி.ரி. படத்தில் கீற்றுக்கீற்றாகக் கோடு இழுக்கும். இரண்டு மருந்தல்ல, மூன்று ஏற்றினாலும் எல்லாப் படத்தையும் அது அதே இடத்தில்தான் கெடுக்கும். நாளைக்கு எம்.ஆர்.ஐ. எழுதினாலோ இந்த மௌனம் உயிருக்கே உலை. இரும்புத் துண்டைக் காந்தம் இழுக்கும்.

ஊசி போடுவதற்கு முன்பே சொல்லுங்கள்: எந்தத் தோள், எத்தனை துண்டு. பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். அம்மா தைரொட்சின் (தைரொயிட் ஹோர்மோன்) மாத்திரை எடுப்பவர் என்றால் அதை இன்றைக்கே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள், அந்த மாத்திரை தைரொயிட்டுக்குள் அயடீன் சேர்வதைக் குறைத்துவிடும். அம்மா தயங்கினால் நீங்கள் வாயைத் திறவுங்கள்.