டொமைனைப் புதிய ஹோஸ்டிங்குடன் இணைக்க நேம்சர்வரை மாற்ற வேண்டுமா, ஏ ரெக்கார்டு போதுமா?

அதே டொமைனில் மின்னஞ்சலும் இயங்குகிறதா? அப்படியானால் நேம்சர்வரை (டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) தொடாதீர்கள், ஏ ரெக்கார்டை (டொமைன் எந்த ஐபி முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மட்டும் மாற்றுங்கள்.

நேம்சர்வரை மாற்றினால் டிஎன்எஸ், அதாவது டொமைனின் பதிவுகள் மொத்தமும் புதிய இடத்தின் கைக்குப் போய்விடும். அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ், அனுப்புவது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை அங்கே ஒன்றுவிடாமல் மறுபடி சேர்க்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் தளம் நன்றாகவே திறக்கும், அஞ்சல் மட்டும் வராது அல்லது ஸ்பாமில் விழும். அதனால் கோளாறு உடனே கண்ணில் படாது, அதுதான் ஆபத்து.

முதல் நாளே டிடிஎல் மதிப்பை (ஒரு பதிவை மற்ற சர்வர்கள் எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்பது) 3600-லிருந்து 300 ஆகக் குறைத்துவிடுங்கள். மறுநாள் ஏ ரெக்கார்டில் புதிய சர்வரின் ஐபி முகவரியைப் போட்டால் பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் மாறிவிடும். டபிள்யூடபிள்யூடபிள்யூ முகவரிக்கு சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் பதிவு) வைத்து வெறும் டொமைனைக் காட்டலாம். வெறும் டொமைனுக்கே சிநேம் வைக்க முடியாது, அங்கே எஸ்ஓஏ, என்எஸ் என்ற கட்டாயப் பதிவுகள் ஏற்கெனவே இருக்கின்றன, சிநேம் அவற்றோடு சேர்ந்து இருக்க முடியாது.

பலர் கவனிக்காமல் விடுவது பழைய ஏஏஏஏ ரெக்கார்டு. அது ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரிக்கானது. அதை அப்படியே விட்டால் உங்கள் கணினியில் புதிய தளம் தெரியும், ஐபிவி6 இணைப்பில் வரும் இன்னொருவரின் மொபைலில் பழைய தளமே திறக்கும். புதிய ஹோஸ்டிங் ஐபிவி6 முகவரி தராவிட்டால் அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள்.

தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவை வழியாக எடுப்பதானால், டொமைன் புதிய சர்வரைக் காட்டத் தொடங்கிய பிறகு எடுப்பதே எளிது. அதுவரை உலாவி எச்சரிக்கை காட்டினால் பதற வேண்டாம். பழைய ஹோஸ்டிங்கை ஒரு வாரமாவது ரத்து செய்யாமல் வைத்திருங்கள்.